கராகுச்சி சாகே: தனக்கென ஒரே ஒரு புட்டி வாங்குவதானால்

ஜப்பானிய மொழியில் ‘கராய்’ என்ற சொல் மிளகாய்க் காரத்தையும் குறிக்கும், உப்புக் கரிப்பையும் குறிக்கும். வாய் என்று பொருள்படும் ‘குச்சி’ அதனோடு சேர்ந்து ‘கராகுச்சி’ ஆகும்போது, அரிசியை நொதிக்க வைத்து எடுக்கும் சாகே என்னும் மதுவில் இனிப்பு முன்னே வந்து நிற்காத வகைக்கு அது பெயராகிறது. இனிப்பு முன்னிற்கும் வகைக்கு ‘அமாகுச்சி’ என்று பெயர். கராய்க்கும் நம் காரத்துக்கும் உள்ள ஒலி ஒப்புமையை வைத்து எதையும் நிறுவ முற்படாதிருப்பதே நல்லது. ஆனால் சாகேயின் சுவையை ஜப்பானியர் மரபாக இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு என ஐந்தாகப் பகுப்பதை முதன்முதலில் படித்தபோது, நம் அறுசுவையில் உப்பு ஒன்றுதான் விடுபட்டிருக்கிறது என்பது உடனே கண்ணில் பட்டது. அந்த உப்பையும் அவர்கள் விட்டுவிடவில்லை. ‘மஸு’ என்னும் சதுர மரக்கலத்தின் விளிம்பில் ஒரு சிட்டிகை உப்பை வைத்து, அதை நக்கியபடி குடிக்கும் பழைய வழக்கம் உண்டு.

டோக்கியோவிலோ ஒசாகாவிலோ பேரங்காடி ஒன்றின் நிலவறைத் தளத்தில் சாகே அடுக்கின் முன்னால் நிற்பவருக்குத் தெரிவுக்குப் பஞ்சமில்லை, அதுவே தொல்லை. பாதிப் புட்டிகளின் முகப்பில் கராகுச்சி என்றுதான் எழுதியிருக்கும். இந்தியாவுக்குத் திரும்பும் பயணி தீர்வையின்றி 2 லிட்டர் மது கொண்டுவரலாம். சாகேயின் பெரிய புட்டி 1.8 லிட்டர், சிறியது 720 மில்லிலிட்டர். பெரியதில் ஒன்று, அல்லது சிறியதில் இரண்டு. சிறியதில் ஒன்றை நண்பருக்குக் கொடுத்துவிட்டால் தனக்கென எஞ்சுவதும் ஒன்றுதான். அந்த ஒன்று எதுவாக இருக்கவேண்டும் என்பதே இங்கு கேள்வி. போட்டியில் நான்கு வகைகளை நிறுத்துகிறேன்: நீகாதா மாகாணத்தின் மெல்லிய கராகுச்சி, கோபேக்கும் நிஷினோமியாவுக்கும் இடையே கடலோரமாக நீளும் நாதா பகுதியில் பழைய முறையில் செய்யும் ‘கிமோதோ’, ஷிகோகு தீவில் உள்ள கோச்சி மாகாணத்தின், ஆல்கஹால் சேர்க்காத ‘ஜுன்மாய்’, எண்ணை மட்டுமே நம்பி விற்கப்படும் ‘சோ-கராகுச்சி’, அதாவது மிகு கராகுச்சி.

கடைசி வகையை முதலில் பேசிவிடுவது நல்லது. ஏனெனில் புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் அதில்தான் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். பல புட்டிகளின் பின்புறச் சீட்டில் +5, +12 என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு ‘நிஹொன்ஷுதோ’ என்று பெயர். அந்த எண்ணைச் சொல்வது நாக்கு அன்று, மிதவைமானி. 15 டிகிரி வெப்பத்தில் உள்ள சாகேயில் அதை மிதக்கவிடும்போது, மதுவின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்குச் சமமாக இருந்தால் 0 என்று காட்டும். சர்க்கரை எஞ்சி நின்று மது கனத்தால் எண் கழித்தல் பக்கம் இறங்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்த்து மது இலேசானால் கூட்டல் பக்கம் ஏறும். சந்தையில் கிடைக்கும் சாதாரண சாகே +3, +4 என்ற அளவில் நிற்கும். +6-ஐத் தாண்டினால் நல்ல கராகுச்சி என்பது கடைகளில் வழங்கும் கணக்கு. +10 என்றால் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.993. தண்ணீரிலிருந்து நூற்றில் ஒரு பங்குகூட விலகாத இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஒரு புட்டியின் குணத்தையே முடிவு செய்கிறோம்.

ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது என்பதால் இந்தக் கணக்கில் ஒரு குழப்பமும் உண்டு. தண்ணீர் கலக்காத, 18 சதவீத ஆல்கஹால் உள்ள ‘கென்ஷு’ ஒன்றும், தண்ணீர் சேர்த்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்த மற்றொன்றும் ஒரே +5-ஐக் காட்டினால், முதலாவதில்தான் சர்க்கரை உள்ளிட்ட கரைபொருள் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். புளிப்பின் கதையும் இதே போன்றதுதான். சீட்டில் ‘சன்தோ’ என்ற பெயரில் தனியே தரப்படும் அமில அளவு 1.2 ஆக உள்ள +5 சாகே நாக்கில் மென்மையாகவே படும். அமில அளவு 1.8 ஆக உள்ள +2 சாகே அதைவிடக் கறாராகப் படக்கூடும். பழ வாசனை மிகுந்த ‘தாய்கின்ஜோ’ என்றால் மூக்கு நாக்கை ஏமாற்றிவிடும். முலாம்பழ மணம் வந்த உடனேயே இனிப்பை எதிர்பார்த்து, இல்லாத இனிப்பையும் உணர்கிறோம். அரிசியைப் பாதிக்கு மேல் தீட்டித் தள்ளி, எஞ்சிய நடுப்பகுதியில் செய்யும் தாய்கின்ஜோ விலையில் உயர்ந்தது. கராகுச்சியைத் தேடுபவருக்கு அது முதல் தெரிவாக இருக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

நான் முதன்முதலில் வாங்கியது +15 என்று பெருமையாக அச்சிட்ட ஒரு புட்டி. குளிர்சாதனப் பெட்டியில் நன்றாகக் குளிரவைத்து, உணவு எதுவும் இல்லாமல் குடித்தபோது, ஊசி போடுமுன் தோலில் தடவும் ஸ்பிரிட்டின் நினைவைத் தவிர வேறெதுவும் வரவில்லை. பத்து நாள் கழித்து, உப்புத் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தியோடு, குளிர் விட்ட நிலையில் அதே புட்டியிலிருந்து ஒரு கிண்ணம் குடித்தபோதுதான், மீனின் எண்ணெயை நாக்கிலிருந்து வழித்தெடுக்கும் வேலைக்காக அது செய்யப்பட்டிருக்கிறது என்று புரிந்தது. நாரா நகரின் ‘ஹாருஷிகா’ ஆலையார் +12 அளவில் செய்யும் சோ-கராகுச்சி இவ்வகையில் பெயர்பெற்றது. எண்ணுக்குப் பின்னால் அரிசியின் உடலும் அதில் உண்டு என்பதால் அதை விலக்காகவே கொள்ளவேண்டும். பொதுவாகச் சொன்னால், இவ்வகை கூர்மையான ஒற்றைக் கருவி. ஒரே புட்டி என்றால் அதை வாங்கவேண்டாம்.

கராகுச்சிக்கு இவ்வளவு மரியாதை வந்த கதையைச் சொல்லாமல் நீகாதாவுக்குள் நுழைய முடியாது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய அரிசித் தட்டுப்பாட்டில், வடித்த ஆல்கஹாலையும் சர்க்கரையையும் அமிலங்களையும் சேர்த்து, ஒரு பங்கு மதுவை மூன்று பங்காகப் பெருக்கும் முறை ஜப்பானில் பரவியது. ‘சான்ஸோஷு’ எனப்பட்ட அந்தப் பிசுபிசுப்பான இனிப்பு, தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகே அத்தகைய கலவை ‘செய்ஷு’, அதாவது முறையான சாகே, என்ற பெயரை இழந்தது. தலைவலியோடும் இனிப்போடும் சாகேயைச் சேர்த்தே நினைத்துப் பழகிய ஒரு தலைமுறைக்கு, நீகாதாவிலிருந்து வந்த தெளிந்த, விரைவில் நாக்கை விட்டு நீங்கும் மது புதிய பொருளாகவே தோன்றியிருக்கும். 1980-களில் ‘தான்ரேய் கராகுச்சி’, அதாவது மெல்லிய கராகுச்சி, நாடெங்கும் அலையாக எழுந்தது. 1987-இல் அசாஹி நிறுவனம் தன் பீருக்கே ‘சூப்பர் டிரை’ என்று பெயர் சூட்டி, கராகுச்சி என்று சொல்லி விற்கும் அளவுக்கு அந்தச் சொல் மவுசு பெற்றிருந்தது.

நீகாதாவின் மெல்லிய தன்மை தற்செயலானது அன்று. பனி உருகி வரும் மென்னீரில் தாது உப்புகள் குறைவு. ஆகவே ஈஸ்ட் நிதானமாகவே வேலை செய்கிறது. நீண்ட குளிர்காலம் அந்த நிதானத்துக்குத் துணை நிற்கிறது. அங்கு பெரிதும் பயன்படும் ‘கோஹ்யாகுமான்கோகு’ நெல்லும் இலேசான மதுவைத் தருவதற்குப் பெயர்போனது. மாகாணத்தின் நெல் விளைச்சல், ‘கோகு’ என்னும் பழைய அளவையில், 50 லட்சத்தைத் தாண்டியதைக் குறித்து 1957-இல் அந்த நெல்லுக்கு அப்பெயர் வைத்தார்கள். ஒரு காலத்தில் கிடைத்தற்கரிய ‘மாய மது’ என்று தேடப்பட்ட ‘கொஷி நோ கான்பாய்’, 1985-இல் அறிமுகமான ‘குபோதா’, ‘ஹக்காய்சான்’ ஆகியவை இவ்வகையின் முகங்கள். நீகாதாவில் ‘தண்ணீர் போல இருக்கிறது’ என்று சொன்னால் அது பாராட்டு. நம்மூரில் அதே சொல்லை மோருக்கோ காப்பிக்கோ சொன்னால் வீட்டுக்காரர் முகம் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்தத் தண்ணீர்த்தன்மைக்குள் இருக்கும் வேறுபாட்டை நாக்கு பிடிக்கச் சற்றுப் பழக்கம் வேண்டும். நீகாதா மாகாணத்தின் எச்சிகோ-யுஸாவா ரயில் நிலையத்துக்குள் சுவர் நிறைய இயந்திரங்களை வைத்திருக்கும் ஒரு சுவைக்கூடம் உண்டு. நான் சென்றபோது 500 யென்னுக்கு 5 வில்லைகளும் ஒரு சிறு கிண்ணமும் தந்தார்கள்; வில்லையைப் போட்டால் ஒரு வாய் அளவு மது கிண்ணத்தில் இறங்கும். கராகுச்சியாகப் பார்த்து எடுத்ததில், மூன்றாவது கிண்ணத்திலேயே எது எது என்று தெரியாமல் போயிற்று. பக்கத்து மேசையில் வகைவகையான உப்பு வைத்திருந்தார்கள். ஒரு கல் உப்பை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு நான்காவதைக் குடித்தபோது, அதுவரை ஒளிந்திருந்த மெல்லிய இனிப்பு, அரிசி களைந்த நீரின் வாசனையோடு, தெளிவாக மேலெழுந்தது. ஐந்தாவதில் அது இல்லை. அதற்குப் பதில் பிஞ்சு வெள்ளரியின் தோலில் இருப்பது போன்ற ஒரு கசப்பு, வந்த வேகத்தில் மறைந்தது. இப்படி மறைவதைத்தான் ‘கிரே’ என்கிறார்கள்; வெட்டு என்று பொருள். வாயில் இருக்கும் சுவை இழுத்துக்கொண்டே போகாமல், விழுங்கியதும் நூல் அறுந்தது போல நின்றுவிட வேண்டும். இனிப்பு எவ்வளவு குறைவு என்பதைவிட இந்த வெட்டு எவ்வளவு சுத்தம் என்பதே கராகுச்சியின் உண்மையான அளவுகோல் என்பது என் முடிவு.

நீகாதா வகையை 10 முதல் 15 டிகிரி வரையிலான குளிர்ச்சியில், வெள்ளை மீனின் பச்சைத் துண்டுகளோடோ உப்பு மட்டும் தூவிய டோஃபுவோடோ குடித்தால் குறை சொல்ல இடமில்லை. வறுத்தது, சுட்டது, புளித்தது எதையும் பக்கத்தில் வைத்தால் அது காணாமல் போய்விடும்.

நாதாவின் கதை வேறு. 1840-இல் யமாமுரா தாஸாஎமோன் என்ற ஆலை முதலாளி, தன் இரண்டு ஆலைகளில் ஒன்றின் சாகே மட்டும் எப்போதும் சிறந்திருப்பதைக் கவனித்து, ஆளையும் பாண்டத்தையும் மாற்றிப் பார்த்து, கடைசியில் காரணம் நிஷினோமியாவின் கிணற்று நீர் என்று கண்டறிந்ததாகச் சொல்வர். ‘மியாமிஸு’ என்று பெயர்பெற்ற அந்த நீரில் ஈஸ்ட்டுக்கு உணவாகும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மிகுதி. மதுவின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் இரும்பு மிகக் குறைவு. வீரியத்தோடு நொதித்து, சர்க்கரையை மிச்சம் வைக்காமல் முடிக்கும் இந்த நீரால்தான் நாதா சாகேயை ‘ஆண் மது’ என்றும், கியோத்தோ நகரைச் சேர்ந்த ஃபுஷிமியின் மென்னீரில் செய்யும் சாகேயைப் ‘பெண் மது’ என்றும் அழைக்கும் வழக்கம் வந்தது. அந்த அடைமொழிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நீரின் வேறுபாடு மட்டும் உண்மை.

நாதாவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது கிமோதோ முறையில் செய்த ‘ஹொன்ஜோஸோ’. கிமோதோ என்பது, தொடக்க நொதிக்கூழில் லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றாமல், அரிசியையும், பூஞ்சை வளர்த்த அரிசியான கோஜியையும் நீண்ட கழிகளால் தொட்டியில் அரைத்து, சுற்றுப்புறத்தில் உள்ள பாக்டீரியாவே அந்த அமிலத்தை உண்டாக்கும்வரை காத்திருக்கும் பழைய முறை. அமிலத்தை ஊற்றும் முறையில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முடியும் வேலைக்கு இதில் நான்கு வாரம் ஆகும். அரைக்கும் வேலையை மட்டும் கைவிட்ட ‘யமாஹாய்’ 1909-இல் வந்தது. கிமோதோவின் தம்பி என்று கொள்ளலாம், சற்று முரடு. ஹொன்ஜோஸோவில், அரிசி எடையில் 10 சதவீதத்துக்கு மிகாமல் வடித்த ஆல்கஹாலைச் சேர்க்க அனுமதி உண்டு. அரிசி, கோஜி, தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதுவும் சேராத ஜுன்மாயே தூய்மையானது என்று சாதிப்பவர்கள் இதைக் கீழாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மும்மடங்குக் கலவையின் பாவத்தை இந்தச் சிறிய அளவின்மேல் சுமத்துவது நியாயமன்று. வெட்டு சுத்தமாக அமைய இது உதவுகிறது, விலையும் கைக்கு அடங்குகிறது. 1659-இல் தொடங்கிய ‘கிகுமசாமுனே’ ஆலை இன்றும் கிமோதோவையும் கராகுச்சியையும் விடாமல் பிடித்திருக்கிறது. அதன் சாதாரண ஹொன்ஜோஸோ நல்ல எடுத்துக்காட்டு.

இதைத் தெரிவு செய்வதற்கான காரணம் சூட்டில் இருக்கிறது. சாகேயில் உள்ள அமிலங்களில் லாக்டிக், சக்சினிக் ஆகியவை வெதுவெதுப்பில் இனிமையாகும். மாலிக் அமிலம் குளிர்ச்சியில்தான் நன்றாக இருக்கும். கிமோதோவில் முதல் இரண்டின் கை ஓங்கியிருப்பதால், அதைச் சூடாக்கலாம், குளிர்விக்கலாம், அப்படியே ஊற்றலாம். ஜப்பானியர் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 5 டிகிரி பனிக்குளிர், 10 பூக்குளிர், 35 மனித உடற்சூடு, 40 ‘நுருகான்’, 45 ‘ஜோகான்’, 50 ‘அத்ஸுகான்’. 30 டிகிரிக்குப் பெயர் ‘ஹினாதாகான்’, வெயில் படும் இடத்தின் சூடு. சென்னையில் சித்திரை மாதத்தில் சமையலறை மேடையில் வைத்த புட்டி இந்தப் பட்டத்தைத் தானாகவே பெற்றுவிடும்.

சூடாக்குவது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, ‘தொக்குரி’ என்னும் கழுத்துக் குறுகிய பீங்கான் குடுவையில் பத்தில் ஒன்பது பங்கு ஊற்றி, தோள்வரை நீரில் மூழ்குமாறு இறக்கிவைக்க வேண்டும். மது விரிந்து கழுத்தில் மெல்ல ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு எடுத்து அடியை உள்ளங்கையில் வைத்தால் சுகமான சூடு தெரியும், அது நுருகான். அந்த நிலையில் கிமோதோ தன் அரிசியைக் காட்டுகிறது. சோறு வடித்த பானையின் மூடியைத் திறந்ததும் வரும் மணமும் அடங்கிய இனிப்பும் இருக்கும். இன்னும் ஒரு நிமிடம் விட்டு, குடுவையின் அடியைத் தொட்டதும் விரல் தானாகப் பின்வாங்கினால் 50-ஐ நெருங்கிவிட்டது. இப்போது இனிப்பு பின்னுக்குப் போய், கார்ப்பு நெஞ்சுவரை நேராக இறங்கும். குளிர்ந்த அதே மதுவில் கண்டது மூன்றாவது ஒரு முகம். ஒரே புட்டிக்குள் கராகுச்சியின் மூன்று நிலைகளை இப்படி அருகருகே வைத்துப் பார்க்க முடிவதுதான், என் கணக்கில், நீகாதாவை நாதா முந்தும் இடம். நீகாதா வகைகளையும் சூடாக்கலாம், சில நன்றாகவும் இருக்கும். ஆனால் அவற்றின் பேச்சு குறைந்துவிடும்.

கோச்சியைக் கடைசியில் வைத்தது அது தாழ்ந்தது என்பதால் அன்று. மனம் அங்கேதான் சாய்கிறது என்பதால் ஒதுக்கிவைத்தேன். பழைய தோசா நாடான இந்த மாகாணம் குடிக்குப் பெயர்போனது. ‘பெகுஹாய்’ என்று அங்கு ஒருவகைக் கிண்ணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் துளை இருக்கும். விரலால் அடைத்துக்கொண்டுதான் ஊற்றிக்கொள்ள முடியும், குடித்து முடிக்காமல் கீழே வைக்க முடியாது. இப்படி விடிய விடியக் குடிப்பவர்களுக்கு இனிப்பு திகட்டிவிடும். அங்கத்துச் சாகே கறாராக இருப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ‘ஸுய்கேய்’, அதாவது குடிகார திமிங்கிலம், என்ற புட்டியின் பெயரே குடியில் புகழ்பெற்ற தோசாவின் 15-ஆம் பிரபு யமாவுச்சி யோதோ தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயரிலிருந்து வந்தது. அதன் ‘தோகுபெத்ஸு ஜுன்மாய்’, அதாவது சிறப்பு ஜுன்மாய், வகையும், ‘த்ஸுகாசபொத்தான்’ ஆலையின் ‘சென்ச்சூ ஹஸ்ஸாகு’வும் புளிப்போடு கூடிய கராகுச்சிகள். வைக்கோல் நெருப்பில் மேற்புறம் மட்டும் வாட்டி, தடித்த துண்டுகளாக வெட்டி, பச்சைப் பூண்டும் உப்பும் வைத்துத் தரும் சூரை மீனோடு அவை சேரும்போது, நீகாதா சாகே அந்த இடத்தில் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது என்பது விளங்கும். சாகேயைத் தனியாக ஒருபோதும் குடிப்பதில்லை, எண்ணெயும் பூண்டும் உள்ள மீனோடுதான் என்பவர் நான் சொல்வதைக் கேட்காமல் கோச்சியை வாங்கலாம். மிளகாய் மிகுந்த குழம்புக்கு மட்டும் இந்த நான்கில் எதுவும் துணை வராது. ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டிவிடும்.

ஆகவே என் வரிசை இப்படி அமைகிறது. முதல் புட்டி நாதாவின் கிமோதோ ஹொன்ஜோஸோ. சூடாக்கும் தொல்லையே வேண்டாம், குளிர்ந்ததுதான் பிடிக்கும் என்றால் நீகாதாவின் ஹொன்ஜோஸோ அல்லது, தாய்கின்ஜோவைவிடக் குறைவாகத் தீட்டிய அரிசியில் செய்யும் கின்ஜோ. மீனே முதன்மை என்றால் கோச்சி. சோ-கராகுச்சியை உணவகத்தில் ஒரு கோப்பை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். ஊருக்குக் கொண்டுவருவதானால், ‘நாமா’ என்று குறிப்பிட்ட புட்டியை எடுக்கக்கூடாது. அது சூடாக்கிப் பதப்படுத்தாதது, குளிர் விட்டால் கெடும். இரண்டு முறை 65 டிகிரி அளவில் சூடேற்றிப் பதப்படுத்திய சாதாரண வகைதான் பயணத்தைத் தாங்கும்.

சுவைத்துப் பார்க்கும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட முயலவேண்டாம். 15, 16 சதவீத ஆல்கஹால் உள்ள மது இது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அதே அளவு தண்ணீர் குடிப்பது ஜப்பானிலேயே உள்ள வழக்கம், அதற்கு ‘யவரகி மிஸு’ என்று பெயரும் உண்டு. திறந்த புட்டியை வெளிச்சம் படாமல் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் நிறுத்திவைத்தால், கிமோதோ இரண்டு மூன்று வாரம் நன்றாகவே இருக்கும். முதல் நாள் இருந்த கூர் இரண்டாம் வாரத்தில் சற்று மழுங்கி, நுருகானுக்கு இன்னும் பொருத்தமாகிவிடும். அதன் பிறகும் அடியில் ஒரு கிண்ணம் எஞ்சினால், கழுவிய மட்டிகளை ஒரு துண்டு இஞ்சியோடு அகன்ற சட்டியில் பரப்பி, அந்தச் சாகேயை ஊற்றி மூடிவைக்கலாம். ஓடுகள் வாய் திறந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சட்டியில் தேங்கும் சாற்றில் கடலின் உப்பு இருக்கும், இனிப்பு இருக்காது.